சுவிஸில் கட்டாய மருத்துவக் காப்புறுதி: மறுப்புக் கடிதம் வந்தால் கலங்க வேண்டாம்

குடும்ப ஒன்றிணைவு விசாவில் சுவிஸுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விசா, வதிவிட அனுமதி, நகரசபைப் பதிவு எல்லாம் எனக்கு ஒழுங்காகவே முடிந்தன. மருத்துவக் காப்புறுதியில்தான் மாட்டிக்கொண்டேன். எல்லாம் தீர்ந்துவிட்ட பிறகும், காப்புறுதி நிறுவனத்திடமிருந்து வந்த அந்த மறுப்புக் கடிதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டாயம் எனக்குப் பிடிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் கொப்பியோடு போய், காலையிலேயே வரிசையில் நின்றால் தைரொயிட் மாத்திரை கையில் கிடைக்கும். ஒரு சதமும் கேட்க மாட்டார்கள். இங்கே வந்து குடியேறிய ஒவ்வொருவரும், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மூன்று மாதத்திற்குள் ஒரு காப்புறுதி நிறுவனத்திடம் பணம் கொடுத்துச் சேர்ந்தாக வேண்டும். 2025இல் நாடு முழுவதற்குமான சராசரி மாதக் கட்டணம் 378.70 பிராங். உணவகச் சமையலறையில் வேலை செய்யும் என் கணவருக்கு ஏற்கெனவே ஒரு கட்டணம். இனி எனக்கும் ஒன்று. அரசாங்கம் வரி கேட்டால் புரிகிறது, ஒரு நிறுவனத்திடம் போய் வாங்கு என்று எப்படிக் கட்டாயப்படுத்தலாம் என்று வீட்டில் பல நாள் வாதாடினேன்.

சொந்தத்தில் ஒருவர், "நகரசபையிலிருந்து கடிதம் வரும்வரை பேசாமல் இருங்கள், அவ்வளவு மாதக் காசு மிச்சம்" என்று ஆலோசனை சொன்னார். இதைச் சொல்பவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். மூன்று மாதத்திற்குள் எந்த நாளில் சேர்ந்தாலும் காப்புறுதி நீங்கள் வந்து குடியேறிய நாளிலிருந்தே தொடங்கும், கட்டணமும் அன்றிலிருந்தே. ஒரு பிராங் கூட மிச்சமாகாது. தகுந்த காரணமின்றி மூன்று மாதத்தைத் தாண்டினால் நிலைமை இன்னும் மோசம். அதற்கு முன் நடந்த வைத்தியச் செலவுக்குப் பாதுகாப்பு கிடையாது. கட்டணத்தோடு 30 முதல் 50 வீதம் வரை தண்டமும் ஏறும். எவ்வளவு காலம் தாமதித்தோமோ அதைப் போல் இரண்டு மடங்கு காலத்துக்கு அந்தத் தண்டத்தைக் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் கடன் வசூல் பதிவேட்டில் பெயர் விழும். அந்தப் பதிவோடு இங்கே வாடகைக்கு வீடு தேடிப் பாருங்கள், தெரியும்.

என் கணவரின் அக்கா, அதாவது மச்சாள், தமக்குத் தெரிந்த ஒரு முகவரை அனுப்பினார். நம்மவர்தான். தமிழிலேயே பேசினார், தேநீர் குடித்தார், ஊர் விசாரித்தார். நாங்கள் கேட்டது சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் அடிப்படைக் காப்புறுதி மட்டும். அவர் விரித்து வைத்ததோ பல பக்கப் படிவம். உயரம், எடை, புகைப்பழக்கம், கடந்த ஐந்து ஆண்டில் பார்த்த வைத்தியர்கள், எடுக்கும் மருந்துகள் என்று கேள்விகள் நீண்டன. "தைரொயிட்டுக்கு மாத்திரை எடுக்கிறேன்" என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "அதை எழுத வேண்டாம் தங்கச்சி, வீண் கேள்வி கேட்பார்கள்" என்றார். எழுதத்தான் வேண்டும் என்று நின்றேன். மாத்திரைப் பெட்டியையே எடுத்து வந்து மேசையில் வைத்தேன். முகம் சுளித்தபடி எழுதினார். அவர் புறப்படுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். பின்னால் என்னைக் காப்பாற்றியவை அந்தப் படங்கள்தாம்.

அந்தக் கேள்விகள் அடிப்படைக் காப்புறுதிக்கு உரியவையே அல்ல என்று அவர் சொல்லவில்லை. அவை மேலதிகக் காப்புறுதிக்கானவை. தனி அறை, மூக்குக்கண்ணாடி, உடற்பயிற்சிக் கூடம் என்று சலுகைகளை அடுக்கி விற்பார்களே, அதற்கு. அதில் நோயை மறைத்து எழுதினால், பின்னர் நிறுவனம் கண்டுபிடித்து ஒப்பந்தத்தையே முறித்துவிடலாம். கட்டிய காசு கட்டியதுதான். அவர் ஏன் அதை விற்கத் துடித்தார் என்பதும் பிறகு விளங்கியது. 2024 செப்டெம்பரிலிருந்து அடிப்படைக் காப்புறுதிக்கு ஆள் சேர்த்தால் முகவருக்கு அதிகபட்சம் 70 பிராங்தான் தரகு. மேலதிகக் காப்புறுதியில் கிடைப்பது அதைவிட மிக அதிகம்.

சில வாரங்களில் கடிதம் வந்தது. உங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை என்று ஒரே வரி. எந்த விண்ணப்பம், அடிப்படையா, மேலதிகமா என்ற விளக்கமே இல்லை. முகவருக்கு அழைத்தால் எடுக்கவில்லை. அதே வாரம் நகரசபையிலிருந்து மற்றொரு கடிதம்: காப்புறுதிச் சான்றை இன்ன தேதிக்குள் சமர்ப்பிக்கவும், இல்லையேல் நாங்களே ஒரு நிறுவனத்தில் சேர்த்துவிடுவோம். வாங்கியே தீர வேண்டும் என்று ஒரு கடிதம், தர மாட்டோம் என்று இன்னொரு கடிதம். இரண்டையும் மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தபோது வந்த ஆற்றாமையை என்னால் எழுத முடியவில்லை.

நிறுவனத்தின் கிளை அலுவலகத்துக்குப் போனேன். இலக்கச் சீட்டு எடுத்துக் காத்திருந்து முறை வந்ததும், என் அரைகுறை ஜெர்மன் மொழியில் விளக்கினேன். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்தார். "ஆம், நிராகரிக்கப்பட்டிருக்கிறது" என்றார். அது கடிதத்திலேயே இருக்கிறது, ஏன் என்று கேட்டேன். "உடல்நலக் காரணம்." அப்படியானால் அடிப்படைக் காப்புறுதி? "வைத்தியரிடம் புதிய அறிக்கை வாங்கி மீண்டும் விண்ணப்பியுங்கள்." எழுதித் தரச் சொன்னேன், அந்த வழக்கம் இல்லையாம். பின்னால் நின்றவரின் இலக்கத்தை அழைத்துவிட்டார்.

நகரசபை கவுண்டரும் கைகொடுக்கவில்லை. மறுப்புக் கடிதத்தைக் காட்டியபோது அங்கிருந்தவர் அதை முழுவதுமாகப் படிக்கக்கூட இல்லை. சான்று கொண்டுவாருங்கள், தேதி மாறாது என்றார். அவர் பேசிய பேச்சுவழக்கில் பாதி எனக்கு விளங்கவில்லை. மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்டதற்கு அதே வாக்கியத்தை உரத்துச் சொன்னார். இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதே அவர்கள் வேலை. அடிப்படைக் காப்புறுதிக்கு உங்களை மறுக்க அந்த நிறுவனத்துக்கு உரிமை இல்லை என்று ஒரு வரி சொல்லியிருந்தால், நான் அன்று நிம்மதியாக வீடு போயிருப்பேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த வரியைச் சொன்னவர் என் ஜெர்மன் வகுப்பு ஆசிரியை. இடைவேளையில் இரண்டு கடிதங்களையும் வாங்கிப் படித்தார். "இவர்கள் உங்களை மறுக்கவே முடியாது" என்றார். கூட்டாட்சிப் பொதுச் சுகாதார அலுவலகத்தின் இணையதளத்தைத் திறந்து காட்டினார். 1994 டிசம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் சிறு பெரும்பான்மையோடு நிறைவேறி, 1996 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் இது. வயது, நோய், கர்ப்பம் எதைக் காட்டியும் அடிப்படைக் காப்புறுதிக்கு ஒருவரை நிராகரிக்கக் கூடாது. உடல்நலக் கேள்வியே கேட்கக் கூடாது. ஒரே நிறுவனம், ஒரே பகுதி, ஒரே வயதுப் பிரிவு, ஒரே திட்டம் என்றால் புற்றுநோயாளிக்கும் ஓட்டப்பந்தய வீரருக்கும் கட்டணம் ஒன்றுதான். இந்தப் பிரிவில் நிறுவனங்கள் இலாபம் எடுக்கவும் கூடாது.

இவற்றையெல்லாம் படித்தபோதுதான் என் மனம் மாறியது. எல்லோரும் சேர வேண்டும் என்ற கட்டாயம் இருப்பதால்தான் என்னைப் போல் மாத்திரையோடு வருகிறவளை அவர்கள் சேர்த்தே ஆக வேண்டியிருக்கிறது. கட்டணம் அதிகம் என்பதில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கட்டாயமே கூடாது என்ற வாதத்தை அன்றோடு விட்டுவிட்டேன்.

அன்று மாலையே கடிதம் எழுதினோம். ஆசிரியை மொழியைத் திருத்திக் கொடுத்தார். அடிப்படைக் காப்புறுதியை மட்டும் ஏற்கவும், மேலதிகக் காப்புறுதி எதுவும் வேண்டாம், நான் குடியேறிய நாளிலிருந்து தொடங்கவும், எழுத்தில் பதில் தரவும். கூடவே முகவர் தம் இஷ்டத்துக்கு நிரப்பியிருந்த இரண்டு இடங்களையும் மாற்றச் சொன்னேன். அவர் பிராஞ்சீஸ் 2500 என்று போட்டிருந்தார். ஆண்டுக்கு முதல் 2500 பிராங் வைத்தியச் செலவு என் தலையில். மாதக் கட்டணம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அடிக்கடி இரத்தப் பரிசோதனையும் வைத்தியரும் தேவைப்படுகிறவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. ஆண்டுச் செலவு ஏறத்தாழ 2000 பிராங்கைத் தாண்டும் என்று தெரிந்தால் 300 பிராஞ்சீஸ்தான் நல்லது. அதற்கு மேல் வரும் செலவில் பத்து வீதம் நாம் கொடுக்க வேண்டும், அதுவும் ஆண்டுக்கு 700 பிராங்கோடு நின்றுவிடும். இரண்டாவது, விபத்துக் காப்பீட்டை நீக்கியிருந்தார். ஒரே முதலாளியிடம் வாரம் எட்டு மணி நேரமாவது வேலை செய்பவர்களுக்கு வேலையிடமே அதைத் தருகிறது. என் கணவர் அதை நீக்குவது சரி. வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் நான் நீக்கினால், படியில் விழுந்து கால் முறிந்தால் யார் கட்டுவது?

பதிவுத் தபாலில் அனுப்பினேன். அஞ்சலகத்தில் தரும் அந்தச் சின்னச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், கடவுச்சீட்டைப் போல.

காப்புறுதிப் பத்திரம் வந்தது. பிராஞ்சீஸ் 300, விபத்து உண்டு. மகிழ்ச்சியோடு கீழே படித்தால், தாமதத் தண்டம் என்று ஒரு வரி! தொடங்கும் நாளும் நான் வந்த நாள் அல்ல, அவர்கள் கோப்பைக் கையிலெடுத்த நாள். மூன்று மாதம் கடந்துவிட்டதாம். கடத்தியது யார்?

லுட்சேர்ன் நகரில் மருத்துவக் காப்புறுதிக்கென்றே ஒம்புட்ஸ்மன் அலுவலகம், அதாவது நடுநிலையாக நின்று முறைப்பாடுகளைக் கேட்கும் அலுவலகம், இருக்கிறது. காசு கேட்பதில்லை. தொலைபேசியில் பேசியவர் பொறுமையாகக் கேட்டு, முதலில் நிறுவனத்துக்கே ஆதாரங்களோடு எழுதுங்கள், மறுத்தால் எங்களிடம் கோப்பை அனுப்புங்கள் என்றார். படிவத்தின் படங்கள், அதில் தெளிவாகத் தெரிந்த கையெழுத்துத் தேதி, மறுப்புக் கடிதம், பதிவுத் தபால் சீட்டு எல்லாவற்றையும் இணைத்து, ஒம்புட்ஸ்மனிடம் பேசியதையும் ஒரு வரியில் குறிப்பிட்டு அனுப்பினேன். அடுத்து வந்த பத்திரத்தில் தண்டம் இல்லை. தொடக்க நாள் நான் குடியேறிய நாள். மன்னிப்பு ஒரு சொல் கூட இல்லை, போகட்டும். அந்தப் பத்திரத்தை நகரசபை கவுண்டரில் வைத்தபோது அதே மனிதர் முத்திரை குத்திக் கொடுத்தார். நிமிர்ந்தே வெளியே வந்தேன்.

விட்ட மாதங்களுக்கும் சேர்த்து ஒரே பில் வரும். அதற்குக் காசு ஒதுக்கி வையுங்கள். இடையில் நான் கைக்காசு கொடுத்துச் செய்த இரத்தப் பரிசோதனை பில்லையும் நிறுவனத்துக்கு அனுப்பினேன், பிராஞ்சீஸில் கழித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு முகவர் வந்து மேலதிகக் காப்புறுதியில் கையெழுத்து வாங்கிவிட்டால், 14 நாட்களுக்குள் எழுத்தில் விலகிக்கொள்ளலாம். 2022 முதல் அந்த உரிமை உண்டு. கட்டணங்களை ஒப்பிட முகவரே தேவையில்லை. பிரிமின்போ என்ற அரசாங்க இணையதளத்தில் அஞ்சல் எண்ணும் பிறந்த ஆண்டும் கொடுத்தால் எல்லா நிறுவனங்களும் வரிசையாக வந்துவிடும். வருமானம் குறைந்தவர்களுக்கு மாநில அரசு கட்டணத்தில் ஒரு பகுதியைத் தருகிறது; விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, சில இடங்களில் நாமேதான் விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் விண்ணப்பம் போயிருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.

அந்த நிறுவனத்தில் நான் தொடரவில்லை. அடிப்படைக் காப்புறுதியை ஆண்டு முடிவில் மாற்ற, விலகல் கடிதம் நவம்பர் இறுதிக்குள் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தபால் முத்திரைத் தேதி கணக்கில் வராது. கட்டணப் பாக்கி இருந்தால் மாறவும் விடமாட்டார்கள். நான் பாக்கி எதுவும் வைக்காமல் மாதத் தொடக்கத்திலேயே பதிவுத் தபாலில் அனுப்பினேன். உறுதிக் கடிதம் வந்துவிட்டது. ஜனவரியிலிருந்து வேறு நிறுவனம். அந்த விண்ணப்பத்தை நானே இணையத்தில் நிரப்பினேன். பெயர், முகவரி, பிறந்த தேதி, பிராஞ்சீஸ், விபத்து. உடல்நலத்தைப் பற்றி ஒரு கேள்வியும் அதில் இல்லை.