மடங்கிய குழாய்

அதிகாலை 3 மணி. ரத்தச் சர்க்கரை மீட்டரில் 318.

ஒரு மணிக்கு 270 இருந்தது. இன்சுலின் பம்ப் சொன்ன டோஸைக் கொடுத்துவிட்டுத்தான் மகளைத் தூங்க வைத்தேன். இறங்க வேண்டியது ஏறியிருக்கிறது.

தூக்கக் கலக்கத்திலேயே சொன்னாள்: "நான் எதுவும் சாப்பிடலம்மா."

நான் அவளிடம் எதுவுமே கேட்கவில்லை.

பம்பில் எச்சரிக்கை ஒன்றும் இல்லை. ஆனால் வயிற்றில் இருந்த ஒட்டு ஈரமாக இருந்தது, இன்சுலின் வாசனை. பிரித்துப் பார்த்தால் தோலுக்குள் போகும் அந்தச் சின்னக் குழாய் மடங்கிக் கிடக்கிறது. அடைப்பால் அழுத்தம் கூடினால்தான் பம்ப் அலறும். கசிந்து வெளியே போனால் அதற்குத் தெரியாது. உள்ளே போனதாகவே கணக்கு வைத்துக்கொள்ளும்.

பம்பில் ஓடுவது வேகமாக வேலை செய்யும் இன்சுலின் மட்டும்தான். நீண்ட நேர இன்சுலின் உடம்பில் கையிருப்பு இருக்காது. வரத்து நின்றால் சில மணி நேரத்திலேயே ரத்தத்தை அமிலமாக்கும் கீட்டோன் சேர ஆரம்பித்துவிடும்.

ரத்தக் கீட்டோன் 0.9. 0.6 தாண்டினாலே கவனிக்க வேண்டும். மருத்துவர் சொல்லிக் கொடுத்தபடி டோஸைப் பேனா ஊசியில் போட்டேன். அப்புறம் புது குழாய் செட், வேறு இடம், நிறையத் தண்ணீர்.

எண் பெரிதானால் எல்லோரும் முதலில் கேட்பது "என்ன சாப்பிட்டே?" நானும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். குழந்தை பாதித் தூக்கத்தில் எழுந்து முதலில் தன் மேல் தப்பில்லை என்கிறாள். அது மனதைப் பிசைகிறது.

5 மணிக்கு 204. கீட்டோனும் இறங்கிவிட்டது.

அந்த மடங்கிய குழாயை எடுத்து வைத்திருக்கிறேன். எழுந்ததும் அவளிடம் காட்ட வேண்டும்.