ஒண்ணாந்தேதி வீட்டுப் பையன்

எங்க கம்பெனிக்கு மூணு பேங்க் அக்கவுன்ட் இருக்கு. ஒண்ணுல கஸ்டமர் காசு வரும், காஸ்டிங்குக்கும் (கடையுறதுக்கு வாங்குற வார்ப்பு) டூலுக்கும் போகும். ரெண்டாவது சம்பளத்துக்கு. மூணாவதுக்கு பாஸ்புக்ல என்ன பேரு போட்டிருந்தாலும் எங்க ஓனர் வெச்ச பேரு "அடுத்தவன் காசு". 2018ல நான் அக்கவுன்ட்ஸ்ல சேர்ந்த முதல் வாரமே "ஏம்மா, அடுத்தவன் காசுக்கு எவ்வளவு தள்ளுனீங்க"ன்னு கேட்டாரு, எனக்கு ஒண்ணும் புரியல, மனுஷன் எங்கயோ கைமாத்து வாங்கியிருக்காரு போலன்னுதான் நினைச்சேன்.

அப்புறம்தான் தெரிஞ்சுது அது ஜிஎஸ்டி, பிஎஃப், ஈஎஸ்ஐ (பசங்களோட மருத்துவக் காப்பீடு), டிடிஎஸ் (நாம பிடிச்சு கவர்மென்ட்டுக்குக் கட்டுற இன்கம்டேக்ஸ்) எல்லாத்துக்கும் ஒதுக்கி வெக்கிற அக்கவுன்ட்னு. 1 லட்சத்துக்கு பில் போட்டா 18,000 ஜிஎஸ்டி சேர்த்து 1,18,000 வருது பாருங்க, அந்த 18,000ல நாம வாங்குன சரக்குக்கு ஏற்கனவே கட்டுனதக் கழிச்சுட்டா மீதி கவர்மென்ட்டோடது, நம்ம பாக்கெட்ல கொஞ்ச நாள் தங்கிட்டுப் போகுது அவ்வளவுதான். பசங்க சம்பளத்துல பிஎஃப்க்குன்னு பிடிக்கிற 12% இன்னும் மோசம், அது கண்ணுக்கு முன்னாடி ஓடுற லேத்துல நிக்கிற பையனோட காசு. ஆனா பேங்க் பேலன்ஸ்ல பாத்தா எல்லாம் ஒரே நம்பராத்தான் தெரியும், யாரு காசு எதுன்னு அது சொல்லாது. சின்ன யூனிட் பாதி முழுகுறது இங்கதான்னு நான் சொல்லுவேன். ஆர்டர் இல்லாம இழுத்து மூடுனவங்கள விட, பேலன்ஸ பாத்து ஏமாந்தவங்களத்தான் நான் அதிகம் பாத்திருக்கேன்.

கோயமுத்தூர் கணபதி பக்கம் எங்க யூனிட். வால்வு பார்ட்ஸ் மெஷினிங், 22 பேரு, கம்ப்யூட்டர்ல ஓடுற ஆறு சிஎன்சி லேத், செதுக்கித் துளை போடுற ரெண்டு விஎம்சி மெஷின். ஓனரோட அப்பா கவர்மென்ட் பஸ் கண்டக்டர். ஒண்ணாந்தேதி சம்பளக் கவர் வந்ததும் அவங்க அம்மா அத தரையில கொட்டி, பழைய கல்யாணப் பத்திரிகை கவர் எடுத்து வெச்சு, ஒவ்வொண்ணு மேலயும் பால், வாடகை, ஸ்கூல் ஃபீஸ், எல்ஐசி, சீட்டுப் பணம்னு எழுதி பிரிச்சுப் போடுவாங்களாம். மாசக் கடைசியில கை கடிச்சா பால் கவர்ல இருந்து 20 ரூபா எடுக்கலாம், ஆனா எடுத்தா உள்ள ஒரு துண்டுச் சீட்டு இருக்கணும், "பால்ல இருந்து 20, சீட்டுப் பணத்துக்கு"ன்னு. அவரு சொல்லும்போது சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவாரு, ஆனா அதையே இங்கயும் பண்றாரு. 2019ல ஆட்டோமொபைல் ஃபீல்டு படுத்தப்ப எங்களுக்கும் ஆர்டர் கம்மி, லேத்துல வெட்டுற முனை, அந்த இன்செர்ட் வாங்கக் கூட காசு இல்ல, மூணாவது அக்கவுன்ட்ல இருந்து 1,40,000 எடுத்தோம். எடுத்த அன்னைக்கே என்னை வவுச்சர் போடச் சொல்லி, திருப்பி வெக்க வேண்டிய தேதி 18ன்னு அவரே கையால எழுதி, என் டேபிள் கண்ணாடிக்கு அடியில சொருகிட்டுப் போனாரு. 20ந்தேதி ஜிஎஸ்டி கட்டணும், அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. தினமும் காலைல வந்ததும் அந்தச் சீட்டத்தான் பாப்பாரு, என்னை இல்ல.

இதுக்கு முன்னாடி நான் பெங்களூர்ல ஒரு ஸ்டார்ட்அப்ல ரெண்டு வருஷம் இருந்தேன், பேரு வேண்டாம். நல்ல பசங்க, நல்ல ஆபீஸ், பீன் பேக், வெள்ளிக்கிழமை பீட்சா. ஒரு மாசம் சம்பளம் 19ந்தேதி வந்துச்சு. அடுத்த ரவுண்டு ஃபண்டிங் வரப்போகுதுன்னு மீட்டிங்ல ஸ்லைடு போட்டுக் காட்டுனாங்க, அன்னைக்கும் பீட்சா வந்துச்சு. அந்த ஃபவுண்டர் கெட்டவர்னு சொல்ல மாட்டேன், ஆனா அவ்வளவு நாள் லேட்டுன்னா ஒரு வீட்டுல என்ன நடக்கும்னு அவருக்கு நிஜமாவே தெரியல. வாடகை, ஈஎம்ஐ, ஊருக்கு அனுப்புற காசு, எதுவுமே 19 வரைக்கும் நிக்காது. எங்க ஓனரு ஒண்ணாந்தேதிக்காகக் காத்துக்கிட்டு இருந்த வீட்டுல வளந்தவரு, அவருக்கு அத யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. நான் இங்க வந்ததுல இருந்து ஒரு மாசம் கூட சம்பளம் தள்ளிப் போகல, கொரோனா லாக்டவுன் சேர்த்துத்தான் சொல்றேன்.

இந்த மாதிரி சிக்கனமான ஆளுங்கன்னாலே மேடையில சொல்ற பெரிய கதைங்க ஞாபகம் வரும். 1970ல ராயபுரத்துல 13,000 ரூபாயோட ஐஸ் மிட்டாய் போட ஆரம்பிச்சு ஹட்சன் பால் கம்பெனி வரைக்கும் கொண்டு வந்த சந்திரமோகன், ஹைகோர்ட்ல ஸ்டெனோகிராபரா இருந்தவரோட மகன் ஸ்ரீதர் வேம்பு, 1996ல ஆரம்பிச்ச சாஃப்ட்வேர் கம்பெனிய இன்வெஸ்டர் காசு வாங்காமலே ஜோஹோவா வளத்தது. கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா ஜெயிச்சதுக்கு அப்புறம் சொல்ற சிக்கனம் வேற, ஜெயிப்பமான்னே தெரியாதப்ப ஒவ்வொரு 20ந்தேதியும் காட்டுற சிக்கனம் வேற, எனக்கு ரெண்டாவதத்தான் பக்கத்துல இருந்து பாக்கக் கிடைச்சுது.

எங்க தெருவுலயே இன்னொரு யூனிட் இருந்துச்சு. எங்கள விட ஆர்டர் ஜாஸ்தி. ரெண்டு விஎம்சி ஒரே நேரத்துல இறக்குனாங்க, கூடவே கார். ஜிஎஸ்டில ஒரு கொடுமை இருக்கு, கஸ்டமர் 90 நாள் கழிச்சு காசு தந்தாலும் நாம பில் போட்ட மாசத்துக்கு அடுத்த மாசமே டேக்ஸ் கட்டியாகணும். அவங்க அந்தக் காச ஈஎம்ஐக்கு ஓட்டுனாங்க, மாசாமாசம் ஃபைல் பண்ற ஜிஎஸ்டி கணக்கு, அந்த ரிட்டர்ன் நின்னுச்சு, 18% வட்டி ஏறுச்சு, ரெண்டு மாசம் ஃபைல் பண்ணலன்னா சரக்கு வண்டியில அனுப்ப வேண்டிய ஈ-வே பில்லும் போட முடியாது, சரக்கு வாசல் தாண்டாது. அதுக்கும் மேல, நாம ஃபைல் பண்ணலன்னா கஸ்டமருக்கு இன்புட் கிரெடிட் (நம்ம கிட்ட கட்டுன டேக்ஸ அவன் கழிச்சுக்கறது) காட்டாது, அவன் ஏன் நம்ம கிட்ட வாங்கப் போறான்? ஆறே மாசத்துல ஆர்டர் பாதியாச்சு, 2020 ஆரம்பத்துல ஷட்டர இறக்கிட்டாங்க. அதுல வேலை பாத்த மூணு பசங்க இப்ப எங்க கிட்டதான் இருக்காங்க.

லாக்டவுன் வந்தப்ப ரிசர்வ் பேங்க் ஈஎம்ஐயத் தள்ளிக் கட்டலாம்னு மொரட்டோரியம் குடுத்துச்சு இல்லையா, மார்ச்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும். ஓனர் வேண்டாம்னுட்டாரு. "வட்டி ஓடிக்கிட்டேதாம்மா இருக்கும், லீவு அதுக்கு இல்ல"ன்னாரு. எஃப்டி ஒண்ண உடைச்சு சம்பளமும் ஈஎம்ஐயும் போட்டோம். அது சரி. ஆனா அதே பயத்துல, மே மாசம் கவர்மென்ட் கேரண்டியோட அறிவிச்ச எமர்ஜென்சி லோனையும், இருக்குற லோன்ல 20% வரைக்கும் சொத்து எதுவும் அடமானம் கேக்காம குடுத்தாங்களே அதையும், வேண்டாம்னுட்டாரு. நான் ரெண்டு தடவ சொன்னேன். "கிடைக்குதுங்கறதுக்காக கடன் வாங்குவாங்களா"ன்னு கேட்டாரு. 2020 கடைசியில இருந்து ஸ்டீல் வெல ஏறுன ஏத்தம் ஞாபகம் இருக்கும், சப்ளையர் எல்லாம் அட்வான்ஸ் கேக்க ஆரம்பிச்சாங்க, அந்த லோன் கையில இருந்திருந்தா பழைய வெலைக்கே ஸ்டாக் போட்டிருக்கலாம். ஒரு வருஷம் லாபமே இல்லாம ஓட்டுனோம். கடன்னாலே தப்புன்னு வளந்த புத்தி அங்க எங்களுக்கு வெச்ச ஆப்பு அது, அவரும் இப்ப ஒத்துக்குவாரு, ஆனா சாயங்காலம் டீ குடிக்கிறப்ப மட்டும்தான்.

இன்னொண்ணு, வர வேண்டிய காச அவருக்குக் கேக்க வராது. நல்ல குடும்பத்துல பொறந்தவங்களுக்கு இது ஒரு வியாதி. கஸ்டமர் 120 நாள் இழுப்பான், இவரு போன எடுத்து "சும்மாதான் கூப்பிட்டேன், சவுக்கியமா"ன்னு கேட்டுட்டு வெச்சுருவாரு. நான் பக்கத்துல உக்காந்து தலைல அடிச்சுக்குவேன். சின்ன யூனிட்டுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள்ள பணம் தரணும்னு 2006லயே சட்டம் இருக்கு, அதக் காட்டிக் கேட்டா ஆர்டர் போயிரும்னு பயம், அதவிட "நாலு பேரு என்ன நினைப்பாங்க"ங்கற பயம். கடைசியில அந்த வேலைய நானே எடுத்துக்கிட்டேன். 45 நாள் தாண்டி பாக்கி வெச்சா அந்த வருஷம் செலவாக் காட்ட முடியாதுன்னு இன்கம்டேக்ஸ்ல கொண்டு வந்தாங்க பாருங்க, அந்த வருஷம், 2024 மார்ச்ல, மூணு கஸ்டமர் அவங்களா கூப்பிட்டு "பாக்கி எவ்வளவு மேடம்"னு கேட்டாங்க. ஓனருக்கு நம்பவே முடியல, ஸ்டேட்மென்ட்ட ரெண்டு தடவ வாங்கிப் பாத்தாரு.

ஸ்கிராப்பப் பத்தி சொல்லாம விட்டா எனக்கே திருப்தி இருக்காது. லேத்துல விழுற சுருள் எல்லாம் டிரம்ல சேரும், மாசத்துக்கு ஒருக்கா வியாபாரி வந்து எடை போட்டு எடுத்துட்டுப் போவாரு. அதுல வர்ற காச ஓனர் தொட மாட்டாரு. வருஷம் பூரா தனியா சேத்து வெச்சு தீபாவளி போனஸ்ல போடுவாரு, சட்டப்படி சம்பளத்துல 8.33% குடுத்தாப் போதும், இங்க ஸ்கிராப் காசு அதுக்கு மேல. அம்மா பழைய பேப்பர் வித்த காசுலதான் எங்களுக்கு தீபாவளிக்கு வெடி வாங்குவாங்கன்னாரு. இதுல பசங்களே யாரும் சொல்லாம சுருளக் கூட்டி அள்ளிடுறாங்க, தரையில ஒரு துண்டு கிடக்காது.

போன வருஷம் அவரு பொண்ணு இன்ஜினியரிங் முடிச்சுட்டு உள்ள வந்துச்சு. வந்ததும் முதல் சண்டை புது மெஷினுக்கு. அப்பா வேண்டாங்கறாரு, பொண்ணு எக்செல் ஷீட்ட நீட்டுது. நாலு மாசம் ஓடுச்சு இந்தப் பஞ்சாயத்து, ரெண்டு பக்கமும் என்னை சாட்சிக்கு இழுப்பாங்க. கடைசியில ஆறு மாச ஈஎம்ஐய முன்னாடியே எஃப்டில போட்டுட்டா கையெழுத்து போடறேன்னு இறங்கி வந்தாரு. பொண்ணு மூணு மாசம்னுச்சு. அஞ்சுல முடிஞ்சுது.

மெஷின் வந்த அன்னைக்கு ஒண்ணாந்தேதி. வாசல்ல லாரி, கிரேன்காரர் சங்கிலி மாட்டிக்கிட்டு இருக்காரு, பொண்ணு வீடியோ எடுக்குது, பசங்க எல்லாம் வெளிய நின்னு வேடிக்க. எலுமிச்சம்பழம் வெக்க ஓனரத் தேடுறாங்க, ஆளக் காணோம். என் டேபிளுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு இருந்தாரு.

"சம்பளம் எல்லாருக்கும் ஏறிருச்சாம்மா?"

"காலைலயே போட்டாச்சுங்ண்ணா."

"செரி"ன்னுட்டு பழத்த எடுத்துக்கிட்டு வெளிய போனாரு.