மூன்றாவது பனை

கேரளம் என்றதும் வெளியூர் நண்பர்கள் குடையோடு வந்து இறங்குகிறார்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் அது பெரும்பாலும் வீண் சுமை. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தின் இந்தக் கிழக்கு ஓரம் மழை மறைவுப் பகுதி. கரிசல் நிலம், நிலக்கடலை, பனை, தென்னந்தோப்பு, கோடையில் வற்றிப் போகும் கிணறு என எல்லாவற்றிலும் நாங்கள் பொள்ளாச்சிப் பக்கத்து ஊர்களைப் போலத்தான் இருக்கிறோம். நடுவில் ஒரு சோதனைச் சாவடி நிற்கிறது, அவ்வளவே. தென்மேற்குப் பருவம் எங்களிடம் மழையாக வருவதைவிடக் காற்றாகவே வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை விலகி வழிவிடும் பாலக்காட்டுக் கணவாயில் அரபிக்கடல் காற்று புகுந்து, உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றப் போகும் வழியில் எங்கள் தோப்புகளை உலுக்கிவிட்டுப் போகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று முதலில் சொன்னவர் எங்கள் ஊர்க்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாளைய ஐயம்.

அந்த ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் காற்றும் மழையும் ஒன்றாக வந்தன. அன்றுதான் எங்கள் வட்டாரத்துச் சைக்கிள் நண்பர்கள் ஏற்பாடு செய்திருந்த டைம் ட்ரையல். கிராமச் சாலை ஒன்றில் மேற்கே 8 கிலோமீட்டர் சென்று, நடுவே வைத்திருக்கும் கூம்பைச் சுற்றிக்கொண்டு, அதே சாலையில் 8 கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். நிமிடத்துக்கு ஒருவராக அனுப்புவார்கள். ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு காற்றுக்கு ஒளிய இங்கே அனுமதியில்லை என்பதால், நம் காலும் கடிகாரமுமே துணை. பெயர் கொடுத்திருந்த பத்தொன்பது பேரில் ஒருவர்கூடப் பின்வாங்கவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதும் நாற்பத்து மூன்று வயதுக்காரனாகிய நான் பின்வாங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் மார்ச் மாத இறுதியில், காற்றடங்கிய ஒரு விடியற்காலையில், இதே பாதையை 28 நிமிடம் 5 விநாடியில் முடித்திருந்தேன். அந்தக் கணக்கு என்னை வீட்டில் உட்காரவிடவில்லை.

மழையில் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றிப் பலருக்கும் இருக்கும் அச்சம் தவறான இடத்தில் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். கார் டயர் தேங்கிய நீரின்மேல் மிதந்து பிடிப்பை இழப்பதுபோல் சைக்கிள் டயர் இழப்பதில்லை. அது குறுகியது, உள்ளே காற்றழுத்தம் மிகுந்தது. ஆகவே நம்முடைய வேகத்தில் அது நீரை விலக்கிக்கொண்டு தரையைத் தொட்டுவிடுகிறது. வழுக்குவதற்குக் காரணம் நீரைவிட, நீரோடு சேர்ந்துகொள்ளும் பொருள்கள். முதல் மழையில் மேலெழும்பும் எண்ணெய்ப் பசை, சாலையோரத்து வெள்ளைக் கோடு, டிராக்டர் சக்கரம் வயலிலிருந்து இழுத்துவந்து போட்ட கரிசல் கட்டி ஆகிய மூன்றும் எங்கள் சாலையில் தாராளமாக உண்டு. இருந்தாலும் நேர்ச்சாலையில் இவற்றால் நேரம் அதிகம் போவதில்லை. மழை தன் கூலியை வாங்கிக்கொள்வது வளைவில், அதாவது வேகத்தைக் குறைத்தாக வேண்டிய இடத்தில்.

இதையெல்லாம் நன்றாக அறிந்தவன்தான் நான். முதல் நாள் இரவே வழக்கமான 95 பிஎஸ்ஐ அழுத்தத்தை 86 ஆகக் குறைத்தேன். டயர் தரையில் சற்று அகலமாகப் படியட்டும் என்பதற்காக. செயினைத் துடைத்து, மழையில் கழுவிப் போகாத கெட்டி எண்ணெயை ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டாக விட்டேன். குளிர்கண்ணாடியை எடுத்து வைத்துவிட்டு, பட்டறைக்காரர்கள் போடும் நிறமில்லாத கண்ணாடியை எடுத்துக்கொண்டேன். இவ்வளவு செய்த நான் பிரேக்கைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

தொடக்கக் கோட்டில் நம் இருக்கையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்தியவர் என்றாலும் ஊரே அவரை மாஷ் என்றுதான் அழைக்கிறது. எல்லைப்புறத்தில் வாத்தியார் என்ற சொல் எப்போதோ அந்தப் பக்கம் போய்விட்டது. ஒரு கையில் குடை, கழுத்தில் நிறுத்துக் கடிகாரம். "திரும்புற எடத்துல டிராக்டர் ஏறி எறங்கிருக்கு தம்பி, பாத்துப் போ" என்றார். "பாத்துக்கறேன் மாஷே" என்று சொன்னேன். ஐந்து, நான்கு என்று அவர் எண்ணத் தொடங்கியதும் அந்த எச்சரிக்கை என் காதிலிருந்து மழைநீரோடு வழிந்துவிட்டது.

போகும் 8 கிலோமீட்டரும் எதிர்க்காற்று. காற்று மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது என்று வைத்துக்கொண்டால், நான் 27இல் சென்றபோது என் நெஞ்சில் மோதியது 45 கிலோமீட்டர் காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுவதால், எதிர்க்காற்றில் கொடுத்ததைப் பின்காற்று அப்படியே திருப்பித் தருவதில்லை. அன்று போகும்போது மார்ச் மாதத்தைவிட மூன்றரை நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டேன். திரும்பும்போது மிச்சமானது ஒன்றே முக்கால் நிமிடம் மட்டுமே. ஆகையால் எதிர்க்காற்றில் சற்று அதிகமாக உழைத்து, பின்காற்றில் மூச்சு வாங்கிக்கொள்வதுதான் முறை. அதைத்தான் செய்தேன். முழங்கைகளை ஏரோபார் என்ற முன்நீட்டிய கைப்பிடியின் திண்டில் ஊன்றி, தாடையைக் கைகளுக்கு மேல் தாழ்த்தி, கண்ணாடியில் ஓடும் நீர்க்கோடுகளுக்கு ஊடே பத்தடி சாலையை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். எதிரில் கள் ஏற்றிய ஜீப் ஒன்று, விடியலிலேயே தெற்கத்தி மாவட்டங்களுக்குப் புறப்பட்ட அவசரத்தில், ஒரு வாளித் தண்ணீரை என்மேல் வாரி இறைத்துவிட்டுப் போனது. ஏற்கெனவே நனைந்தவனுக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை. வாயில் போன மண்தான் நெடுநேரம் நறநறத்தது.

கூம்பு இருக்கும் இடத்துக்கு முன்னால் சாலையின் இடப்புறம் வரிசையாக ஐந்து பனைகள் நிற்கின்றன. மார்ச் மாதத்துப் பயிற்சியில் கூம்பிலிருந்து பின்னோக்கி எண்ணி, மூன்றாவது பனையில் பிரேக்கைப் பிடித்தால் சரியாக இருக்கும் என்று குறித்து வைத்திருந்தேன். அன்றும் 17 நிமிடம் சொச்சத்தில் அந்த மூன்றாவது பனை வந்தது. எழுந்து பிரேக்கைப் பிடித்தேன்.

ஒன்றுமே நடக்கவில்லை. என் சைக்கிளில் இருப்பது ரிம்மைக் கட்டையால் கவ்வும் பழைய பிரேக். நனைந்த அலுமினிய ரிம்மில் பிரேக் கட்டை முதலில் செய்வது நீரைத் துடைக்கும் வேலை மட்டுமே. சக்கரம் சில சுற்றுச் சுற்றி நீர்ப்படலம் விலகிய பிறகுதான் அது பிடிக்கத் தொடங்குகிறது. அந்தச் சில சுற்றுகள் சாலையில் ஒரு பனை தூரத்தை விழுங்கிவிடும். இன்னும் அழுத்தினேன். துகள் கலந்த சாம்பல் நிறக் குழம்பு ரிம்மிலிருந்து வழிய, கரகரவென்ற ஓசையோடு பிரேக் ஒரேயடியாகப் பிடித்தது. அதற்குள் கூம்பு என் வலப்புறத்தில் கடந்து போய்க்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் சைக்கிளைச் சாய்த்திருந்தால் விழுந்திருப்பேன் என்பதால் நேராகவே விட்டேன். டிராக்டர் ஏறி இறங்கிய அதே மண் சரிவில் முன்சக்கரம் புதைந்து நின்றது. பெடலில் பூட்டியிருந்த இடது காலைக் கழற்றி ஊன்றினேன். கணுக்கால் வரை கரிசல்.

இப்படி நடந்தது எனக்கு மட்டும் இல்லை என்று பிறகு என்னை நானே தேற்றிக்கொண்டேன். 1995ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் தொடக்க நாளில், 7.3 கிலோமீட்டர் டைம் ட்ரையலில், முந்தைய ஆண்டு அதே தொடக்கச் சுற்றை வென்றிருந்த கிறிஸ் போர்ட்மேன் மழைச்சாலையில் விழுந்து கணுக்கால் முறிந்து, போட்டியிலிருந்தே வெளியேறினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் டைம் ட்ரையல் நாளன்று மழை. பெண்கள் பிரிவில் உலகச் சாம்பியன் பட்டங்களை வென்றிருந்த குளோயி டைகெர்ட் ஒரு வளைவில் விழுந்தெழுந்து வெண்கலத்தோடு நிறைவு கொள்ள வேண்டியதாயிற்று. ஆனால் அவர்கள் வெற்றிக்காக விளிம்பில் ஓட்டியவர்கள். நான் ஒரு பனையைத் தவறாக எண்ணியவன்.

விழாமல் தப்பிய மகிழ்ச்சியில் சைக்கிளைத் தூக்கித் திருப்பி, ஏறி மிதித்தபோதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. காலணியின் அடியில் பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளீட் என்ற கட்டை உண்டு. அதன் மூன்று மூலைகளிலும், திருகாணிக் குழிகளிலும் கரிசல் அப்பிக்கொண்டு, பெடல் பூட்டிக்கொள்ள இடமே இல்லை. செம்மண்ணாக இருந்தால் தட்டினால் உதிரும். ஈரக் கரிசல் மாவைப் பிசைந்து வைத்ததுபோல ஒட்டிக்கொள்ளும். காலைச் சாலையில் தேய்த்தேன், பெடலில் தட்டினேன். கடைசியில் சட்டை முதுகில் எண் அட்டையைக் குத்தியிருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றி, ஒற்றைக்காலில் நின்றுகொண்டு குழியைக் குடைந்தேன். அதற்குள் எனக்கு ஒரு நிமிடம் பின்னால் புறப்பட்ட கல்லூரி மாணவன், டிஸ்க் பிரேக்கின் தைரியத்தில், கூம்பை அழகாக வளைத்துக்கொண்டு "அண்ணா, ஒண்ணுமில்லையே?" என்று கேட்டபடியே போய்விட்டான். ஒன்றுமில்லை என்று கையசைத்தேன். அந்தக் குடைச்சலுக்கு ஆன நேரம் 38 விநாடி என்று பிறகு கைப்பிடியில் இருக்கும் மீட்டர் காட்டியது.

திரும்பும் வழியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் கிலோமீட்டர் இடதுகால் பெடலில் வழுக்கி வழுக்கி விலகியது. ஒரு பள்ளத்தில் தேங்கிய நீர் தெறித்துக் கழுவிய பிறகு, 'டக்' என்று பூட்டிக்கொண்ட அந்த ஓசை அன்று நான் கேட்ட ஓசைகளில் மிக இனியது. பின்காற்றில் முதுகை யாரோ தள்ளுவதுபோல் இருந்தது; மழைகூட என்னோடு சேர்ந்து கிழக்கே போனதால் முகத்தில் அறையவில்லை. அந்த மாணவனின் பின்சக்கரம் தொலைவில் நீரை விசிறிக்கொண்டு போவது கடைசிவரை தெரிந்தது. எட்டிப் பிடிக்க முடியவில்லை.

மொத்த நேரம் 30 நிமிடம் 32 விநாடி, ஒன்பதாவது இடம். மூன்றாவதாக வந்தவர் 29 நிமிடம் 48 விநாடி. 44 விநாடி வேறுபாட்டில் 38ஐ ஊக்கு தின்றுவிட்டது, மீதியை வழுக்கிய இடதுகால் தின்றது என்று கணக்கெழுதுபவனின் புத்தியோடு டீக்கடையில் விளக்கத் தொடங்கினேன். மாஷ் குடையை மடக்கியபடி, "பஞ்சாயத்துல மனு குடுத்து அந்தக் கூம்பை இன்னும் தள்ளி வெக்கச் சொல்லலாமா தம்பி?" என்று கேட்டார். டீக்கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்கு இன்னொரு கட்டன் சாயா ஊற்றினார்.

வீட்டுக்கு வந்தபோது கிளீட்டுக்குள் இருந்த மண் காய்ந்து கல்லாகியிருந்தது. திருப்புளியால் பெயர்த்தெடுக்க இருபது நிமிடம் ஆயிற்று. பிரேக் கட்டைகளைக் கழற்றிப் பார்த்தால் அலுமினியத் துணுக்குகள் ஊசிமுனைகளாகப் பதிந்திருந்தன. அவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்தேன்.

இந்த வாரம் இரண்டு நாள் தூறல் இருந்தது. கூம்புக்குப் பதில் ஒரு தென்னை மட்டையைச் சாலையில் போட்டுவிட்டு, ஐந்தாவது பனையிலேயே பிரேக்கை இலேசாகத் தொட்டு ரிம்மைத் துடைத்துக்கொண்டு, நான்காவதில் அழுத்திப் பிடிப்பதைப் பழகினேன். பன்னிரண்டு முறை திரும்பியதில் இரண்டு முறை மட்டையைத் தாண்டிப் போனேன். பால் சொசைட்டிக்குப் போகும் வழியில் மாஷ் ஸ்கூட்டரை நிறுத்திச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அஞ்சாவதுக்கு முன்னாடி ஒரு வேப்பமரம் இருக்குதே, அதையும் எண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.