எயார் ஃபிரையரில் மொறுமொறு வெங்காயப் பக்கோடா

மாலை மழையோடு வெறுந்தேநீர் குடிக்கும்போது கொழும்பு வெள்ளவத்தைக் கடைகளின் பக்கோடாவை நினைக்காதவர் குறைவு. அதையே குறைந்த எண்ணெயில் வீட்டில் செய்ய, சூடான காற்றைச் சுழற்றி உணவை வேகவைக்கும் எயார் ஃபிரையர் உதவும், ஆனால் எண்ணெய்ச் சட்டிக்குரிய மாக்கலவை இதற்குச் சரிவராது. சூடான எண்ணெயில் விழுந்தவுடன் இறுகிவிடும் நீர்த்த மா, காற்றால் மட்டுமே சூடாகும் எயார் ஃபிரையரின் துளையிட்ட கூடையில் இறுகுமுன்பே துளைகளின் வழியே ஒழுகிவிடும்.

ஆகவே தண்ணீரை மறந்துவிடுவதே நல்லது. இரண்டு பெரிய வெங்காயங்களை மெல்லிய நீள் துண்டுகளாக அரிந்து, அரைத் தேக்கரண்டி உப்பிட்டுப் பிசைந்து, பத்து நிமிடம் விட்டால், அவை பளபளவென்று வியர்த்துத் துவளும். அந்த ஈரமே போதும். நான்கு மேசைக்கரண்டி கடலை மா, ஒன்றரை மேசைக்கரண்டி அரிசி மா, மிளகாய்த்தூள், பெருஞ்சீரகம், கிள்ளிய கறிவேப்பிலை, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்துப் பிரட்டினால், மா துண்டுகளில் ஒட்டி நிற்கும். அரிசி மாவைத் தவிர்க்க வேண்டாம், மொறுமொறுப்பு பெரும்பாலும் அதனால்தான் வருகிறது.

முன்கூட்டிச் சூடாக்கிய கூடையில் உதிரியாகப் பரப்பி, 180 பாகை செல்சியஸில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் வேகவிட்டு, இடையில் ஒருமுறை புரட்ட வேண்டும். நெருக்கி அடுக்கினால் அவிந்துபோகும். பொரித்த பக்கோடாவின் சுவை முழுமையாக வராது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கொழும்பின் ஈரக்காற்றில் இவை விரைவில் நமர்த்துவிடுவதால், விருந்தினர் வந்து அமர்ந்த பின்னரே கூடையை உள்ளே தள்ளுங்கள்.