மத்தூரை விழுங்கிய மாத்தூர்: டேட்டாபேஸிலிருந்து ஸ்டாட்டிக் பக்கம்

சந்தூர் பக்கத்து நர்சரி ஒன்றின் மாங்கன்றுப் பட்டியல், பழைய பிஎச்பி தளத்திலிருந்து ஒருவழியாக வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாகிவிட்டது. பைதான், ஜின்ஜா2 (எச்டிஎம்எல் அச்சில் தகவலை நிரப்பும் பைதான் நூலகம்), ஒரு லூப். அது அரை நாள் வேலை. மிச்ச நாலு நாளைத் தின்றது தமிழ் எழுத்து.

பழைய தளத்தில் ஒழுங்காகத் தெரிந்த ‘மல்கோவா’, பைதானில் தலைக்கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் என்று வந்து நின்றது. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் டேபிளுக்குக் குறித்திருந்த எழுத்துக் குறியீடு (எழுத்தை பைட்டாக்கும் முறை) பெயரளவில் லத்தீன்1, தமிழ் தெரியாதது. உள்ளே கிடப்பதோ தமிழையும் தாங்கும் யுடிஎஃப்-8 பைட்டுகள். பிஎச்பி எழுதியதும் படித்ததும் லத்தீன்1 இணைப்பிலேயே என்பதால் இத்தனை வருஷம் குட்டு வெளிப்படவில்லை. இந்த இடத்தில் டேபிளின் குறியீட்டை மாற்றும் ‘கன்வர்ட் டு’ கட்டளையை நேராகக் கொடுத்துவிடாதீர்கள், குப்பை குப்பையாகவே நிலைத்துவிடும். டம்ப் (முழு நகல்) எடுத்து வைத்துக்கொண்டு, அந்த ஃபீல்டை முதலில் பிளாப் (குறியீடே இல்லாத வெறும் பைட்டு வகை) ஆக்கி, அப்புறம் யுடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்க்யூஎல்லில் முழு யுடிஎஃப்-8) டெக்ஸ்ட் ஆக்கணும். பிளாப் வழியாகப் போனால் மைஎஸ்க்யூஎல் பைட்டில் கை வைக்காது. ஃபீல்டில் இண்டெக்ஸ் இருந்தால் முதலில் கழற்றுங்கள். இல்லாவிட்டால் கீ நீளம் எங்கே என்று பிழை காட்டும்.

அடுத்தது இன்னும் மோசம். டீலர் ஊர்களுக்கு ஆளுக்கொரு பக்கம் வரவேண்டும், ஒன்று குறைந்தது. பிழைச் செய்தியும் இல்லை. ஊர்ப் பெயரைக் கோப்புப் பெயராக்கும் ஸ்லக் ஃபங்ஷன், ரெஜெக்ஸில் (எழுத்துக் கோலம் தேடும் மொழி) எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றைக் குறிக்கும் ‘பேக்ஸ்லாஷ் டபிள்யூ’வுக்குள் அடங்காததையெல்லாம் வெட்டுகிறது. பைதான் கணக்கில் புள்ளி, கொம்பு, துணைக்கால் எதுவும் எழுத்தே இல்லை! ‘செந்தூரா’ வெட்டுப்பட்டு ‘சநதர’ ஆனது. மத்தூரும் மாத்தூரும் ஒரே ‘மததர’. பின்னால் வந்தது முன்னதை அழித்துவிட்டது.

தமிழ்க் கோப்புப் பெயரே வைக்கலாம்தான். ஆனால் லினக்ஸில் பெயருக்கு 255 பைட்டு எல்லை, தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட்டு. வாட்ஸ்அப்பில் லிங்கை ஒட்டினால் ஒரு குறி 9 எழுத்தாகி, சதவீதக் குறியாக நீளும். டேட்டாபேஸிலேயே ஸ்லக்குக்குத் தனி ஃபீல்டு சேர்த்து, ஐடி எண்ணை முன்னால் வைத்து, ஆங்கில எழுத்தில் கையால் அடித்ததோடு தலைவலி போயிற்று. கோப்பைத் திறக்கும்போது வழக்கமான ‘டபிள்யூ’ (எழுது) மோடுக்குப் பதில் ‘எக்ஸ்’ மோடு போடுங்கள். அதே பெயரில் கோப்பு இருந்தால் அங்கேயே பிழை காட்டி நிற்கும்.

இன்னொன்று: ஜின்ஜா2-வில் ஆட்டோஎஸ்கேப் (தகவலில் வரும் ‘<’, ‘&’ போன்ற குறிகள் எச்டிஎம்எல்லைக் கெடுக்காமல் மாற்றும் வசதி) தானாக இருக்காது, நீங்கள்தான் போடணும்.

கடைசியாக, டேட்டாபேஸில் பீத்தர் கன்றை நீக்கியாயிற்று; பக்கம் மட்டும் விலையோடு தளத்தில் உட்கார்ந்திருந்தது. ஜெனரேட்டர் எழுதுமே தவிர எதையும் அழிக்காது. ஒவ்வொரு தடவையும் காலி ஃபோல்டரில் உருவாக்கி, ஆர்சிங்கில் (கோப்புகளை சர்வருக்கு ஒத்திசைக்கும் கருவி) ‘டிலீட்’ போட்டு ஏற்றவேண்டும்; இங்கே இல்லாத கோப்பை அது அங்கேயும் அழித்துவிடும். எல்லாக் கோப்புக்கும் நேரம் புதிது என்பதால் நேரத்தைப் பார்க்காமல் உள்ளடக்கத்தை ஒப்பிடும் ‘மைனஸ் சி’ சேர்த்தால்தான் மாறியதை மட்டும் அனுப்பும். அதுவும், அடிக்குறிப்பில் ‘இன்று புதுப்பிக்கப்பட்டது’ என்று தேதி போட்டிருந்தால் பலிக்காது, எல்லாப் பக்கமும் மாறியதாகவே கணக்கு. டேட்டாபேஸில் அந்தந்தப் பதிவைத் திருத்திய தேதியைப் போட்ட பிறகு, பெங்களூரா விலை ஒன்றை மாற்றினால் ஏறுவது இரண்டே கோப்பு: அதன் பக்கமும் பட்டியலும்.