ஓரியூர் மண்ணும் ஒரே பெஞ்சும்

பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு நேர்த்திக்கடன் பாக்கி இருந்தது. மகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளை இல்லை. ஓரியூர் வேதக்கோயிலில் வேண்டிக்கொண்டு வந்த பிறகு, போன வருஷம் பேத்தி பிறந்தாள். "தம்பி, நீங்க வேதக்காரங்கதானே, கூட வந்தீங்கன்னா தெம்பா இருக்கும்" என்றார். ஓரியூர் ஆர்.சி., அதாவது கத்தோலிக்கக் கோயில், நான் சி.எஸ்.ஐ., அதாவது புராட்டஸ்டண்ட் என்பதெல்லாம் அக்காவுக்குப் பொருட்டே இல்லை. ரெண்டிலும் சிலுவை இருக்கிறது, போதும்.

எனக்கு அது அவ்வளவு லேசில்லை. நான் வளர்ந்தது திருநெல்வேலிப் பக்கத்துப் புராட்டஸ்டண்ட் வீடு. கோயிலுக்குள் சுரூபம் கிடையாது, புனிதரிடம் வேண்டுதல் கிடையாது. வேதம் வாசிப்போம், கீர்த்தனை பாடுவோம், ஐயர் (எங்கள் போதகர்) பிரசங்கம் கேட்போம், வீட்டுக்கு வருவோம். பாட்டிக்கு மெழுகுவர்த்தி என்றால் கரண்ட் போனால் ஏற்றுவது. பக்கத்து வீட்டிலிருந்து ஏதாவது பலகாரம் வந்தால் முதல் கேள்வி, "படைச்சதா, படைக்காததா?" என்பதுதான். கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய நிருபத்தில் இதைப் பற்றி அதிகாரக் கணக்கில் பேச்சு இருக்கிறது. விருந்துக்குக் கூப்பிட்டால் போ, வைத்ததைத் துருவிக் கேட்காமல் சாப்பிடு என்றும் அதே பவுல்தான் சொல்கிறார். அந்த இடத்தைப் பாட்டி சத்தமாக வாசித்து நான் கேட்டதில்லை.

மதுரையில் இப்போது குடியிருக்கும் தெருவில் அந்தக் கேள்விக்கே வேலை இல்லாமல் செய்துவிட்டார் அக்கா. பிள்ளையார் சதுர்த்தியன்று கொழுக்கட்டை டப்பாவை நீட்டும்போதே, "சாமிக்கு வைக்கிறதுக்கு முந்தியே எடுத்து வச்சிட்டேன் தம்பி, யோசிக்காம சாப்பிடுங்க" என்பார். நாங்கள் யாரும் கேட்டதில்லை. எங்கள் மனச்சாட்சிக்காகத் தன் சமையல்கட்டில் தனிப் பாத்திரம் வைத்திருக்கிறார்.

ஓரியூருக்குப் புதன்கிழமைதான் போக வேண்டும் என்றார். மதுரை–தொண்டி சாலையில் சிவகங்கை, காளையார்கோவில் தாண்டித் திருவாடானை வந்ததும், "ஒரு நிமிஷம் நிறுத்துங்க, ஆதிரத்தினேஸ்வரரைப் பாக்காம இந்த வழியா போகக் கூடாது" என்று இறங்கிவிட்டார். அக்கா, மகள், பேத்தி மூவரும் உள்ளே போனார்கள். நான் கோபுரத்து நிழலில் மூன்று ஜோடி செருப்புக்குக் காவல். (அம்மன் பெயர் சினேகவல்லி. எவ்வளவு அழகான பெயர்! வாசலில் நின்றவனுக்குப் பெயர்ப்பலகை வாசிக்கத் தடையில்லையே.) திரும்பி வந்தவர் நெற்றியில் பட்டையாக விபூதி. அதை அழிக்காமலேதான் ஓரியூரில் இறங்கினார். யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அங்கே வந்திருந்தவர்களில் நிறையப் பேர் நெற்றியிலும் அது இருந்தது.

ஓரியூருக்கு வருகிறவர்கள் முதலில் தேடுவது மண்ணைத்தான். சுற்றிலும் ராமநாதபுரம் மாவட்டத்துக்கே உரிய வெளிறிய பூமி. அருளானந்தர் வெட்டுப்பட்ட இடத்தில் மட்டும் மண் சிவப்பு. அவர் ரத்தம் ஊறிய சிவப்பு என்பது இங்குள்ள நம்பிக்கை. அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தார். ஒரு பிடி எடுத்துப் பேத்தி நெற்றியில் தடவினார், கொஞ்சம் மகள் வயிற்றில் தடவினார். மிச்சத்தைக் காலண்டர் தாளில் கொட்டி, மளிகைக்கடைப் பொட்டலம் மாதிரி மடித்தார். சற்றுமுன் விபூதி மடித்த அதே கை, அதே மடிப்பு.

யார் இந்த அருளானந்தர்? லிஸ்பனில் 1647-ல் பிறந்த ஜான் டி பிரிட்டோ. போர்ச்சுகல் அரண்மனையில் இளவரசர்களோடு வளர்ந்த பிள்ளை. சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையில் சேர்ந்து 1673-ல் கப்பலேறி, மதுரை மிஷனுக்கு வந்தார். அவருக்கு முன்பே 1606-ல் மதுரை வந்த ராபர்ட் தெ நோபிலி போட்ட பாதை இருந்தது. பிரிட்டோவும் அதே வழியில் காவி கட்டினார், பண்டாரசாமியாக ஊர் ஊராக நடந்தார், மரக்கறி மட்டும் உண்டார், தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டார். 1686-ல் மறவர் நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். உயிர் தப்பி ஐரோப்பா போனவரை, இளவரசனுக்கு ஆசிரியராக இரு என்று அரசர் கேட்டும் நில்லாமல் 1690-ல் திரும்பி வந்தார்.

வந்து மூன்றே வருஷம். தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் நோயிலிருந்து எழுந்து ஞானஸ்நானம் கேட்டார். ஒரு மனைவியோடு மட்டும் வாழ்வதானால் தருகிறேன் என்றார் சாமியார். தேவர் சம்மதித்தார். விலக்கப்பட்ட மனைவிகளில் ஒருத்தி மறவர் நாட்டு அரசர் கிழவன் சேதுபதிக்கு உறவுப்பெண். அதிலிருந்து வந்தது வினை. 1693 பிப்ரவரி 4 அன்று பாம்பாற்றங்கரையில் தலை வெட்டப்பட்டது. அன்று புதன்கிழமை. வெறும் புதனல்ல, தவக்காலம் தொடங்கும் அந்த வருஷத்துச் சாம்பல் புதன். 1947-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் புனிதர் பட்டம் கொடுத்தார்.

இந்தக் கதையில் எனக்கு எப்போதும் ஒரு முள் உண்டு. விலக்கப்பட்ட அந்தப் பெண்களின் பக்கம் நின்று இதை யாரும் சொல்வதில்லை. உடுப்பு, உணவு, பேச்சு எல்லாவற்றிலும் வளைந்து கொடுத்தவர் அந்த ஓர் இடத்தில் வளையவில்லை. அதற்காகவே செத்தார். எம்மதமும் சம்மதம் என்று சொல்லியிருந்தால் அவருக்கு ஓரியூரே இல்லை. அப்படிப்பட்டவரின் மண்ணைத்தான் அக்கா விபூதிக்குப் பக்கத்தில் வைக்கிறார். முரண் என்று எனக்குத்தான் படுகிறது, அக்காவுக்குப் படவில்லை.

மதியத் திருப்பலிக்கு உள்ளே போய் உட்கார்ந்தோம். நடுவே பெண்கள் தட்டில் பூவும் தீபமுமாக வந்து ஆரத்தி எடுத்தார்கள். இந்தியத் திருச்சபை 1969-ல் ரோமில் அனுமதி வாங்கிச் சேர்த்துக்கொண்ட வழக்கம் இது. எனக்குக் கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அக்கா இருந்த இடத்திலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டார். வேதக்கோயிலில் வேதக்காரன் விழிக்கிறான், அவர் பாட்டுக்கு இயல்பாக இருக்கிறார்.

நற்கருணை அப்பம் கொடுக்கும் நேரம். வரிசை வரிசையாக எழுந்து பீடத்தை நோக்கிப் போனார்கள். எங்கள் பெஞ்சில் நானும் அக்காவும் அவர் மகளும் மட்டும்.

"தம்பி, நீங்க போகலையா?"

"இல்லக்கா. இது அவங்க சபையில இருக்கவங்களுக்குத்தான்."

"நீங்களும் ஏசுசாமிதானே?"

"ஏசுசாமிதான். ஆனா நாங்க வேற சபை."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப நம்ம எல்லாரும் ஒரே பெஞ்சு" என்றார். குழந்தையை என் மடிக்கு மாற்றிவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட ஆரம்பித்தார்.

எந்த மதத்திலும் உண்மையும் தூய்மையுமானதைத் திருச்சபை தள்ளுவதில்லை என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-ல் அறிக்கை வெளியிட்டது. கிறிஸ்துவே வழி என்று அறிவிப்பதையும் விட முடியாது என்று அதே பத்தி சொல்கிறது. ரெண்டையும் ஒரே மூச்சில் சொல்வது மழுப்பல் என்று கல்லூரி நாளில் வாதாடியிருக்கிறேன். இன்று எனக்கு அது மழுப்பலாகத் தெரியவில்லை. என் நம்பிக்கை மாறவில்லை. அடுத்தவர் கும்பிடுவதைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிற வேலை மட்டும் என்னைவிட்டுப் போயிருக்கிறது.

அதற்கும் அக்காதான் காரணம். இந்தத் தெருவுக்குக் குடிவந்த புதிதில் ஒரு கைப்பிரதி கொடுத்தேன். விக்கிரகங்களைப் பற்றி மோசமான வார்த்தைகள் அதில் உண்டு. சரியாக வாசிக்காமல்கூட இல்லை, வாசித்துவிட்டேதான் கொடுத்தேன். பல மாதம் கழித்து அவர் வீட்டில் ஃப்யூஸ் மாற்றப் போனபோது பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குப் பின்னால் அது மடித்துச் செருகியிருந்தது. குங்குமக் கறையோடு. "அதுல சாமி பேர் போட்டிருக்கே தம்பி, கீழ போட மனசு வரல" என்றார். நான் ஃப்யூஸ் கம்பியைத் தப்பாக மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஓரியூரிலிருந்து திரும்பி மதுரைக்குள் நுழையும்போது இருட்டிவிட்டது. இறங்கும்போது இரண்டு பொட்டலங்களில் ஒன்றை என் சட்டைப்பையில் வைத்தார். "உங்க ஆளு மண்ணு, உங்க வீட்லயும் கொஞ்சம் இருக்கட்டும்."

வேதப் புத்தகம் இருக்கும் அலமாரியில் அதை வைக்கப் பாட்டி விடவில்லை. பாட்டி இறந்து இருபது வருஷம் ஆகிறது. கீழே போடவும் மனசு வரவில்லை. ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது.