தம்பிக்கு நிரந்தரமாக ஓர் இடம்

தம்பிக்கு 41 வயது. 22 வயதில் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய் வந்தது. ரயில்வேயில் இருந்த அப்பா காலமாகி ஆறு வருடம். பெங்களூரு அல்சூர் வீட்டில் அம்மாவும் அவனும்தான். போன வருடம் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவன் மூன்று நாள் மாத்திரை போடவில்லை. நான் எடுத்துக் கொடுத்தாலும் “அம்மா கொடுத்தாத்தான்” என்றான். தேட ஆரம்பித்தது அப்போதுதான்.

முதலில் தப்பான கதவைத் தட்டினோம். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்டக் குழுவிடம் காப்பாளர் சான்றிதழ் வாங்குங்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்ல, டி.சி. (மாவட்ட ஆட்சியர்) ஆபீஸுக்குப் போனேன். அந்தச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குத்தான். மனச்சிதைவு அதில் வராது. அரை நாள் லீவு போனது.

எங்களுக்கானது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். அதன்படி தன் சார்பில் முடிவுகளில் துணை நிற்க ஒருவரைத் தம்பியே நியமிக்கலாம். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளில் எழுதி அவன் கையெழுத்துப் போட்டால் போதும். அவன் நியமித்தது என்னை, அதனால் நானும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். பேனாவை வைத்துக்கொண்டு, “அக்கா, உன் பேருல ரெண்டு சுழியா, மூணு சுழியா?” என்று கேட்டான். பல வருடங்களுக்குப் பிறகு அவன் விஷயத்தில் அவனிடமே கையெழுத்து கேட்ட காகிதம் அது.

மாற்றுத்திறன் சான்றிதழுக்கு டாக்டர் நான்கு விஷயம் பார்த்தார்: தன்னைப் பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை. நோய் எத்தனை வருடமாக என்பதற்கும் மதிப்பெண் உண்டு. 40 சதவீதமாவது இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். அம்மாவோ பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்வதுபோல, “அவனே குளிப்பான், துணி மடிப்பான்” என்று அடுக்கினாள். வாளியில் தண்ணீர் பிடித்து வைத்து நாலு தடவை கூப்பிட்டால்தான் குளிப்பான் என்பதை நான் சொல்ல வேண்டியிருந்தது. வெளியே வந்ததும் அம்மா என்னோடு பேசவில்லை. உங்கள் வீட்டிலும் இது நடக்கும், முந்தின நாளே பேசி வையுங்கள்.

அப்புறம் இல்லம் தேடும் படலம். இடைநிலை இல்லம் வேறு, நீண்டகாலம் தங்கும் இல்லம் வேறு. முதலாவது சில மாதம் பயிற்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்பும். திரும்பிப் போக வீடு இருப்பவர்களுக்கு அது நல்ல ஏற்பாடுதான். ஓர் இடத்தில் போனில் “வாழ்நாள் முழுக்க” என்றார்கள். ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில், நோய் தீவிரமானால் 48 மணி நேரத்தில் குடும்பத்தார் அழைத்துப் போக வேண்டும் என்றிருந்தது. நிரந்தரம் என்ற வார்த்தையை நம்பாதீர்கள், வெளியேற்றும் விதியைப் படியுங்கள். மாநில மனநல ஆணையப் பதிவுச் சான்றையும் கேளுங்கள். கேட்டதும் முகம் மாறினால், அதுவும் ஒரு பதில்தான்.

கடைசியில் கிடைத்தது சாதாரண வாடகை வீடு மாதிரி. ஆறு பேர், இரண்டு பராமரிப்பாளர்கள். தம்பி சாப்பிடுவது க்ளோசபின் என்ற மாத்திரை, அது வெள்ளையணுவைக் குறைத்துவிடலாம் என்பதால் மாதாமாதம் ரத்தத்தில் வெள்ளையணு பார்க்க வேண்டும். “அதை யார் கவனிப்பீர்கள்?” என்றேன். அந்த மேடம் பதில் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து நீட்டினார். ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு பக்கம், தேதி, எண்ணிக்கை, கூட்டிப் போனவர் கையெழுத்து. அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் இரண்டு வாரம் சோதனையாகத் தங்கினான். குழம்பு இனிக்கிறது என்று மூன்று நாள் புகார். அம்மா ரசப்பொடி கொடுத்தனுப்பினாள்.

மாதக் கட்டணம் அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்தைத் தாண்டுகிறது, மீதியை நான் போடுகிறேன். அம்மாவுக்குப் பிறகு அந்த ஓய்வூதியம், சம்பாதிக்க முடியாத மகன் என்ற முறையில் ஆயுள் முழுக்க அவனுக்கு வரும். அம்மா இருக்கும்போதே அவன் பெயரை ஓய்வூதிய ஆணையில் சேர்த்துவிடலாம். காகிதமெல்லாம் கொடுத்தாயிற்று. புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். வாக்கரோடு அம்மாவும் வருகிறேன் என்கிறாள், டாக்சி சொல்ல வேண்டும்.